சுருதியும் கூலியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "பணி ஓய்வுக்குப் பிறகு கிட்டார் செய்கிறார்" என்றார். ஒரு சின்னத் திருத்தம். நான் செய்வது உகுலேலே. இந்தப் பெயர் எங்கள் அனந்தபுரத்தில் யார் வாயிலும் நுழையாது. "வாத்தியார் ஊட்ல குட்டி கிட்டார் பண்றாரு" என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத் திருத்துவதில்லை. செயலாளரை மட்டும்தான் திருத்துகிறேன். அவர் என் வகுப்புத் தோழர், அந்த உரிமை எனக்கு உண்டு.

நான்கு நைலான் தந்தி. தோளில் தூங்கும் கைக்குழந்தை அளவு. மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில் ஒரு மேசை, நாலு உளி, இரண்டு இழைப்புளி, ஒரு கரி அடுப்பு. இதுதான் பட்டறை. யாராவது வந்து கேட்டால், அவர் கைக்கும் விரலுக்கும் ஏற்ற மாதிரி ஒன்று செய்து கொடுப்பேன். வருஷத்துக்கு ஐந்து, ஆறு ஆகும். அவ்வளவுதான்.

இது எந்த ஊர் வாத்தியம் என்று கேட்பீர்கள். ஹவாய்த் தீவு. ஆனால் அங்கே பிறந்ததும் முழுசாக அங்கேயே பிறந்தது அல்ல. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில், போர்ச்சுகலைச் சேர்ந்த மடைரா தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் ஹொனலூலுவில் வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நம் பக்கத்து ஜனங்களும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டத்தான் கப்பல் ஏறினார்கள். அந்த மடைரா கூட்டத்தில் மூன்று பேர் மரவேலை தெரிந்தவர்கள்: மனுவேல் நுனெஸ், அகஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குள் வந்து மேசை, அலமாரி செய்தார்கள். கூடவே தங்கள் ஊர்ச் சின்ன வாத்தியமான மஷேத்தை, ஹவாயில் கிடைத்த கோவா மரத்தில் செய்தார்கள். மன்னர் கலாகவாவுக்கு அது பிடித்துப் போனது. ஹவாய் மொழியில் அதற்கு வைத்த பெயருக்குக் 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள் சொல்கிறார்கள். அந்தக் கோவா மரம் வேறு யாருமில்லை, நம் வேல மரத்துக்கு உறவுக்காரன்தான்.

ஆக, உகுலேலேயின் முதல் பட்டறையே ஒரு தச்சுப் பட்டறைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி நான் எப்படி இதில் வந்து மாட்டினேன் என்று சொல்கிறேன். 1978 முதல் 81 வரை இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அனந்தபுரத்திலிருந்து காலை பஸ், படிக்கட்டில்தான் இடம். அதிரும் தந்தி பற்றிப் பாடம் எடுத்த எங்கள் பேராசிரியர், சோனாமீட்டரை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு நாள் சி.வி.ராமன் பற்றிச் சொன்னார். ராமன் விளைவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1921இல், அவர் வீணையையும் தம்பூராவையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். ஒரு தந்தியை நட்ட நடுவில் மீட்டினால், அந்த நடுப்புள்ளி எந்தெந்த மேற்சுரங்களுக்கு அசையாப் புள்ளியோ, அந்தச் சுரங்கள் ஒலிக்கக் கூடாது. இது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்து விதி. வீணையில் அவை ஒலிக்கின்றன! காரணம், வீணையின் குதிரை கத்தி முனை மாதிரி இல்லை. அகலமாக, மேலே உலோகத் தகடு போட்டு, லேசாக வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. விதி அங்கே தோற்றுப்போகிறது.

பேராசிரியர் ஒரு வார்த்தை சேர்த்தார்: "இதை ராமன் கண்டுபிடிச்சார்யா. ஆனா அந்தத் தகட்டை அரத்தால ராவி வளைவு கொண்டுவந்தவன் பேரு யாருக்கும் தெரியாது." மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கதையைச் சொன்னேன். 2019இல் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். ராவுகிற ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் வீணை செய்கிற இடம் என்றால் பெரிய தொழிற்சாலையை எதிர்பார்க்காதீர்கள். தெற்கு வீதிப் பக்கம் ஒரு சந்து. வீட்டு வாசல், திண்ணை, தாழ்வாரம், அதுவே பட்டறை. மஞ்சள் மஞ்சளாகப் பலாச் சீவல் தெருவரைக்கும் பறந்து கிடந்தது. உள்ளே அம்மா சோறு வடிக்கிறார், வெளியே பெரியவர் குடம் குடைகிறார். வாச்சியால் ஒரு கொத்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. காது வைத்துக் கேட்கிறார். மறுபடி ஒரு கொத்து. எவ்வளவு கனத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மரம் சொல்கிறது.

"வாங்க சார், என்ன விலையில பார்க்கிறீங்க?" என்றார். "வாங்க வரலீங்க, பார்க்க வந்தேன்" என்றேன். "அப்ப உக்காருங்க. பார்க்கிறவங்க யாருமே வர்றதில்ல."

அன்று உட்கார்ந்தவன், அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மரத்துண்டில் குடம், தண்டி, யாளி முகம் வரை குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. முன்பு ஓரத்து வேலைப்பாட்டுக்குத் தந்தம் வைத்தார்கள். சட்டம் வந்து அது நின்றபின் பிளாஸ்டிக். இதெல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வேலை. பார்த்தும் புரியாத வேலை ஒன்று உண்டு. அதன் பெயர் மேளம் கட்டுவது.

வீணையில் 24 மேளம். சுரத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்தாயிக்கு இருபத்து நாலு உலோகக் கட்டை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்படி நிலையாகப் பொருத்தும் வழக்கம் வந்தது என்று சொல்வார்கள். அவற்றை ஆணி அடித்தோ பசை போட்டோ பொருத்துவதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சி, தண்டியின் இரு பக்கமும் கறுப்பாகக் கரை கட்டி, அதன்மேல் அழுத்தி வைக்கிறார்கள். ஒரு மேளத்தை வைப்பார், தந்தியை மீட்டுவார், நூல் அளவு நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். நான் போன அன்று காலையில் ஆரம்பித்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தார். நடுவில் தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

இயற்பியல்காரன் சும்மா இருப்பேனா? "இதுக்குக் கணக்கு இருக்குங்களே ஐயா" என்றேன். தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் கட்டை எங்கே என்று வந்துவிடும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. பன்னிரண்டாவது கட்டை மிகச் சரியாகப் பாதி நீளத்தில் வந்து நிற்கும். இந்த எண் வருவதற்கு முன், வெறும் 18 ஆல் வகுக்கலாம் என்று 1581இல் எழுதியவர் வின்சென்சோ கலிலி. லூட் வாசித்தவர், நமக்குத் தெரிந்த கலிலியோவின் தகப்பனார். நான் செய்கிற சிறிய உகுலேலேக்குத் தந்தி நீளம் 345 மில்லிமீட்டர். அதில் முதல் கட்டை 19.36இல் வரும். 18 ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது கட்டைக்குள் ஒன்றேகால் மில்லிமீட்டர் பிசகிவிடும். ஒன்றேகால்தானே என்று நினைக்காதீர்கள், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஸ்கேல் எங்ககிட்டயும் இருக்கு சார். தோராயமா வைக்கிறதுக்கு. தந்தியை அமுக்குறப்ப அது கொஞ்சம் இழுபடுதுல்ல? அது உங்க கணக்குல வருதா?"

வராது. அமுக்கினால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் கனத்தையும், மேளத்தின் உயரத்தையும், மெழுகு நின்ற விதத்தையும் பொறுத்தது. வெயிலில் மெழுகு இளகும். வாசிக்க வாசிக்க மேளம் தேயும். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை வீணைக்கு மறுபடி மேளம் கட்ட வேண்டியிருக்கிறது. உகுலேலேயில் கட்டைகளைக் கணக்குப்படி வெட்டிப் பதித்துவிடுகிறோம், நகர்த்த முடியாது. அதற்குப் பதிலாகக் கீழே குதிரையை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைக்கிறோம். எவ்வளவு தள்ளுவது என்பதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மீட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். அந்த இடத்தில் நான் தஞ்சாவூர்க்காரரின் மாணவன்.

வீணை செய்யாமல் ஏன் உகுலேலே என்று கேட்கலாம். வீணைக்கு ஆள் பருமன் மரம் வேண்டும், குடையக் கையில் வலு வேண்டும், பரம்பரைப் பழக்கம் வேண்டும். எனக்கு அறுபதை நெருங்கும் வயதில் கிடைத்தது இரண்டு மில்லிமீட்டர் பலகையை வளைக்கிற வலுதான். ஆனால் மரம் அதேதான்: பலா. தஞ்சாவூர் வீணைக்குப் பேர்போன மரம் எங்கிருந்து போகிறது தெரியுமா? பண்ருட்டியிலிருந்து. நம் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர். பழத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மரத்தைத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டோம். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் இதே பலா மரத்தில் கிட்டாரும் உகுலேலேயும் செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

மண்டகப்பட்டு எங்கள் ஊருக்குப் பக்கம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். மரமே வேண்டாம் என்று ராஜா எழுதிவைத்த சீமையில் நான் மரத்துக்கு அலைகிறேன்!

அலைச்சல்தான். பலாவில் வைரம் பாய முப்பது, நாற்பது வருஷம் ஆகும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியதே, அன்று பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலாவும் முந்திரியும் கொஞ்சநஞ்சமில்லை. தாத்தா நட்ட மரங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பெரும்பாலானவை விறகாகப் போயின. அடுத்த வருஷம் நட்ட கன்றுகள் வைரம் பாய 2045 ஆகும்.

திண்டிவனத்தில் செவிலியராக இருக்கிற ஓர் அம்மா, தன் மகனுக்கு ஒன்று வேண்டும் என்று வந்தார். பையனுக்கு இடக்கைப் பழக்கம். கடையில் வாங்கியது ஒத்துவரவில்லை. பேச்சுவாக்கில், பண்ருட்டிப் பக்கம் அவருடைய அம்மா வீட்டுப் பின்கட்டில் தானே புயலில் விழுந்த பலா, பலகையாக அறுத்துக் கிடக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். நிழலில், காற்றுப்படும்படி, யாரோ விவரம் தெரிந்தவர் அடுக்கி வைத்திருந்தார். அத்தனை வருஷம் காய்ந்த பலகை. இழைப்புளி போட்டதும் உள்ளே தேன் நிறம். அதில்தான் செய்தேன். பக்கப் பலகையை வெந்நீரில் நனைத்து, சுடவைத்த இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல மெல்ல வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் படார். மேல்பலகையை இழைத்துக்கொண்டே, தஞ்சாவூர்ப் பெரியவர் குடத்தைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கழுத்துக்கு, இடித்த வீட்டின் பழைய தேக்கு உத்திரம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் பழைய வீட்டு ஆச்சா மரத்தில்தான் நன்றாக வருகிறது என்பார்கள். விரல் பலகைக்குக் கருவேலம். பையனின் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து வாங்கிக்கொண்டேன். அதன்படி கழுத்தை மூன்று மில்லிமீட்டர் குறுக்கினேன். தந்தி வரிசையை இடக்கைக்கு மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே ஒட்டுகிற தாங்கு சட்டங்களையும் அதற்கேற்ப யோசிக்க வேண்டும். கடைசியில் அரக்கு பாலிஷ், எட்டுக் கை.

இவ்வளவு சொன்னேனே, இதற்கு என்ன விலை? இங்கேதான் நான் இன்று பேச வந்த விஷயமே இருக்கிறது.

இணையத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு உகுலேலே வீட்டுக்கே வந்துவிடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார், மரத்துக்கு மட்டும் வாங்கிக்கங்களேன்." முதல் ஆர்டர் வந்தபோதே இதைத் தஞ்சாவூர்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "சார், நீங்க பொழுதுபோக்குக்குச் செஞ்சு கூலி போடாம குடுத்தீங்கன்னா, அதோட முடிஞ்சிடாது. நாளைக்கு எங்கிட்ட வர்றவன், 'அங்க ஒரு வாத்தியார் சும்மாவே பண்ணித் தர்றாரு'ம்பான். நான் இதுலதான் அரிசி வாங்கணும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன். ஒரு உகுலேலேக்குச் சுமார் எழுபது மணி நேரம், அதாவது ஒன்பது நாள் வேலை. எங்கள் ஊரில் ஒரு நல்ல தச்சருக்கு என்ன நாள்கூலியோ அதையே எனக்கும் போடுகிறேன். மரம், தந்தி, முறுக்குச் சாவி எல்லாம் தனி. பில்லில் 'கூலி' என்று தனி வரி எழுதித்தான் கொடுப்பேன். பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும். மீதிப் பேர் வாங்குகிறார்கள். வாங்கினவர்கள் எடுத்து வாசிக்கவும் செய்கிறார்கள்.

இதைவிடச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று இந்த மேடையில் எனக்குப் பொன்னாடை போட்டீர்கள். 'ஓய்வுக்குப் பின்னும் கலை ஆர்வம்' என்று பாராட்டினீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அரை நூற்றாண்டாக வீணை குடைகிறவரை அந்தத் தெருவில் யாரும் கலைஞர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஆசாரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிகிரி வாங்கினவன் உளி பிடித்தால் கலை, பரம்பரையாகப் பிடித்தால் வேலையா? தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது; இந்திய இசைக் கருவிகளில் முதல் குறியீடு அதற்குத்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. நல்லதுதான். ஊர்ப் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது. பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "வரச் சொல்ல மாட்டேன் சார். மாசச் சம்பளம் வருது" என்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு?

பெண்ணுக்கு வீணை வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம், அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கிறோம். மேளம் கட்ட ஆள் கேட்கும் கூலியில்தான் பேரம் பேசுகிறோம். நாளைக்கு அந்தக் காது இல்லாமல் போனால் மின் வீணை வாங்கிக்கொள்ளலாம் என்பீர்கள். அதற்கும் மேளம் உண்டு ஐயா, அதையும் யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்து நாலைந்து வீடுகளில் வீணை உறை போட்டு மூலையில் நிற்கிறது. மேளம் ஆடிப்போய்விட்டது; தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ தூக்கிப் போக ஆளில்லை. பெரியவரிடம் மேளம் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் செய்கிறேன். ஆனால் எனக்கு வயது அறுபத்தைந்தை நெருங்குகிறது, காது இனி கூர்மையாகப் போவதில்லை. இருபது வயதுக் காது வேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மதிப்பெண் அடிப்படையில் பரிசு கொடுக்கிறோம். அதிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, விருப்பமுள்ள ஒரே ஒரு மாணவரையோ மாணவியையோ ஆறு மாதம் தஞ்சாவூரில் தங்கவைக்க வேண்டும். தங்கும் செலவு, சாப்பாடு, அதோடு கற்றுக் கொடுக்கிறவருக்கு மாதம் தவறாமல் கூலி. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். அவருக்கு அது இனாமாக இருக்கக் கூடாது. எந்த ஜாதி, எந்தப் பாடம் என்று பார்க்க வேண்டாம். சுருதி கேட்கிற காதும் உட்காருகிற பொறுமையும் போதும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று யோசிக்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லில், ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை 2003 முதல் நடக்கிறது. சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகள்தான் அங்கே பழகி வாத்தியம் செய்கிறார்கள். மாணவர்கள் முதலில் ஒரு சனிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள், பிறகு அனந்தபுரத்துக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'குட்டி கிட்டார் வாத்தியார் வீடு' என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் கொடுக்கலாம். அவருக்கு இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அப்படிப் பார்க்கிறார்.

மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு உகுலேலே வைத்திருக்கிறேன். ஒன்று நாளை டெலிவரி, இன்னொன்று என்னுடையது. சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து மீட்டிப் பாருங்கள். முறுக்குச் சாவியை மட்டும் திருகாதீர்கள், இரண்டையும் இப்போதுதான் சுருதி சேர்த்தேன்.